பங்கு போட்ட மாத்திரை

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

என் வீட்டுக்காரருக்கு ஹெபடைடிஸ் பி. ஈரலைத் தின்கிற அந்தச் சனியனுக்குத் தினம் ஒரு மாத்திரை. மூன்று வருஷம் நன்றாகக் கேட்டது. பிறகு கால் வீங்கியது. ரத்தத்தில் வைரஸ் மறுபடி ஏறியிருந்தது.

"விட்டு விட்டுப் போட்டாரா?" என்று செங்கல்பட்டு டாக்டர் கேட்டார். நான் சண்டைக்கே போய்விட்டேன். மாசம் தவறாமல் வாங்கித் தருகிறவள் நான்.

"உள்ள இருக்கறது ஒரே மாதிரி வைரஸ் இல்லம்மா. பெருகும்போதே கொஞ்சம் கொஞ்சம் மாறும். மாத்திரைக்கு அசராததும் அதுல ஒண்ணு ரெண்டு இருக்கும். தினமும் போட்டா அமுங்கிக் கிடக்கும். விட்டா அதுதான் பெருகி நிக்கும்."

வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். வலையில் எது வந்தாலும் கரையில் பங்கு. காய்ச்சலில் படுத்தவனுக்கும் உண்டு. கொஞ்ச காலமாக, நான் சிங்கப்பெருமாள் கோயில் ஊருக்குக் கம்பெனி வேலைக்காகக் காலை பஸ் ஏறியதும், என் மாமியார் அதே பழக்கத்தில் மாத்திரையைப் பங்கு போட்டிருக்கிறாள்! ஒருநாள் இவருக்கு, ஒருநாள் கொழுந்தனுக்கு. அவனுக்கும் அதே வியாதி. அவனுக்குப் பெண் பார்க்கிற நேரத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் மானம் போய்விடுமாம்.

"ரெண்டும் என் வவுத்துல பொறந்ததுங்க. இதுல இன்னாடி கொறஞ்சிபோச்சு?" என்றாள்.

"தம்பிக்குக் குடுக்காம எப்புடி முழுங்கறது?" என்றார் இவர். இப்படி ஒரு மனுஷனுக்கு வாக்கப்பட்டேனே!

டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். இதையும் பாழாக்கினால் ஈரல் தாங்காது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். மறுநாள் காலையில் அந்தப் புது அட்டையிலிருந்து மாமியார் கொழுந்தனுக்கென்று இரண்டாவது மாத்திரையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மீன்கூடையோடு நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினேன். "உன் சின்ன புள்ளைக்கும் அதே சீக்குதான் கீது! அவனையும் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ! என் புருஷன் மாத்திரைல கைய வெக்காத!"

பெண் வீட்டார் பிறகு வரவில்லை. கொழுந்தன் இப்போது வரிசையில் நின்று தன் மாத்திரையைத் தானே வாங்குகிறான். என் வீட்டுக்காரர் ஐந்து மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டாம். தினமும் என் எதிரே வாயைத் திறந்து, விழுங்கிவிட்டதைக் காட்டினால் போதும்.