மூணு மடங்கு விலைக்கு இன்னா கீது?

டேப்லெட் விற்கிற கவுண்டரில் நிற்பவருக்கு வரும் கேள்வி ஒன்றே ஒன்றுதான், கேட்கிற ஆள்தான் மாறுவார்: "ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் கீது, இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு மூணு மடங்கு விலை?"

ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஏழு வருஷமாக இந்தக் கேள்விக்கு எதிரில் நிற்கிறேன். என் மேஜையில் இரண்டு டேப்லெட்கள் அருகருகே இருக்கும். ஒன்று விலை குறைந்தது, இன்னொன்று அதைப் போல மூன்று மடங்கு. வித்தியாசத்தைச் சொல்ல கம்பெனிக்காரர்கள் பதினாலு பாயின்ட் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். துணிக்கடையிலும் செருப்புக்கடையிலும் நின்று நின்று குதிகால் வீங்கியவர்களே, உங்களுக்குத் தெரியாததா? நாம் மூன்றாவது பாயின்ட்டுக்கு வருவதற்குள் எதிரில் இருப்பவர் ஏசி காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார். ஒரு கட்டத்தில் நான் பாயின்ட்டை விட்டுவிட்டு, அவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். அதிலிருந்துதான் வேலை பிடித்துப்போனது.

நாலு மூலை

சேக்காட்டிலிருந்து ஒருவர் வந்தார். டாங்கி தொழிற்சாலையில் உதிரி பாகங்களை அளந்து பார்த்து 'சரி', 'சரியில்லை' என்று முத்திரை குத்தும் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பேப்பர் படிக்கவும், ஓசூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசவும் ஒரு டேப்லெட் வேண்டும் என்றார். நான் ஸ்கிரீனைப் பற்றித் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். தோள்பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே வெர்னியர் காலிப்பர், தடிமன் அளக்கிற கூர்மூக்கு இரும்புக் கருவி. கருவியைப் பார்த்ததும் வாசல் செக்யூரிட்டி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

விலை குறைந்ததை நாலு மூலையிலும் அளந்தார். மூன்றாவது மூலையில் 'ச்ச்' கொட்டினார். பிறகு மற்றதை எடுத்து அளந்தார். நம்பாமல் மறுபடியும் அளந்தார். "நாலு மூலையும் ஒரே அளவும்மா. இதைச் செஞ்சது எந்த ஊரு ஃபேக்டரி?" என்றார். ஏழு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. இருவரும் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தோம். இவ்வளவு ரசித்தவர் வேறென்ன செய்வார் என்று விலை கூடினதற்கே பில் போடப் போனேன். அவர் விலை குறைந்ததை என் பக்கம் நகர்த்தினார். "என்ன சார், அதைத்தானே அப்படிப் புகழ்ந்தீங்க?" என்று கேட்டேன். காலிப்பரைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நல்ல வேலையைப் பார்த்தா சந்தோஷப்படணும்மா. வாங்கித்தான் ஆகணும்னு யார் சொன்னது?"

கைக்குப் பின்னால் வந்த கோடு

அம்பத்தூர் கோமதி ஜாக்கெட்டுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்பவர். கழுத்து டிசைனைக் காகிதத்தில் வரைந்து போட்டோ எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்புவாராம். 'மாங்காயைக் கொஞ்சம் சின்னதாக்குங்க' என்று பதில் வந்தால் முழுசையும் மறுபடி வரைய வேண்டும். பேனாவால் வரைகிற டேப்லெட் இருந்தால் அந்தப் பாடு இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவரோடு வந்தார். ஒன்றில் ஒரு மாங்காய் வரைந்தார், மற்றதில் ஒரு மாங்காய். அரை மணி நேரம் கழித்து, யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து வந்து கொடி வரைந்தார். மறுபடி போய்விட்டார். மூன்றாவது முறை மயில். கணவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா கோமதி, ரெண்டுலயும் கோடு கோடாத்தானே கீது? ஆட்டோவ ரோட்டு மேல நிறுத்திட்டு வந்துகீறேன்" என்றார்.

கோமதி அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னார். நானும் குனிந்தேன். விலை குறைந்ததில் பேனா முனை முன்னால் போனது. கோடு ஒரு மயிரிழை பிந்தி வந்தது. மற்றதில் முனையும் கோடும் சேர்ந்தே போயின. அதற்கு 'லேட்டன்ஸி' என்று ஒரு பெயர் உண்டு. என்னுடைய ஒன்பதாவது பாயின்ட். அத்தனை வருஷமாக அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேனே தவிர, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். விலை கூடினதையே பேக் செய்யச் சொல்லிவிட்டு, கோமதி கணவரிடம் காரணம் சொன்னார்: "அதுல கோடு என் கைக்குப் பின்னாடி வந்துகினு கீது. எனக்கு என் கையோடவே வரணும்."

பீரோவுக்குள்

இது நான் தப்புப் பண்ணின கதை. செம்பரம்பாக்கத்தில் ஒரு குடோன் சூப்பர்வைசர். மகள் பிளஸ் டூ. ஆன்லைன் கோச்சிங்கில் சேர்ந்திருந்தாள். அவர் விலை குறைந்ததைத்தான் கையில் எடுத்தார். நான்தான் "படிக்கிற பொண்ணு சார், நல்லதா வாங்கிக் கொடுங்க" என்று பேசிப் பேசி விலை கூடினதை வாங்க வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி என் மேஜைக்கு முன்னால் நின்று, விலை குறைந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது ரிப்பேரா சார்?" என்றேன். "ஐயோ, சூப்பரா இருக்கும்மா. பீரோல இருக்கு" என்றார். வாங்கின மறுநாள் மகள் கையிலிருந்து அது நழுவப் பார்த்ததாம். அவர் மனைவி உடனே பழைய பட்டுப்புடவையில் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து மகள் படிப்பது அப்பாவின் போனில். அவரோ போனே இல்லாமல் குடோனுக்குப் போய்வருகிறார். லாரி வந்தால் செக்யூரிட்டி ஓடிவந்து கூப்பிடுகிறாராம். நான் விலை குறைந்ததற்குப் பில்லைப் போட்டேன். பெட்டியை வாங்கிக்கொண்டவர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிம்மதி. "இது விழுந்தாலும் பரவாயில்லனு தோணுதும்மா. இனிமேதான் பொண்ணு படிப்பா."

நீங்க எது?

ஒரு கல்லூரிப் பெண் நேராகக் கேட்டாள்: "அக்கா, நீங்க வீட்ல எது வச்சிருக்கீங்க?" இரண்டுமே இல்லை, எனக்கு போனே போதும் என்று உண்மையைச் சொன்னேன். போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப உங்க பேச்சை நம்பலாம். வச்சிருக்கறவங்க எல்லாரும் அவங்க வாங்கினதுதான் பெஸ்ட்டுன்னு சொல்றாங்க."

கடைசி வரிசை

பூந்தமல்லி வசந்தா டீச்சர் வீட்டில் டியூஷன் எடுப்பவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. ஆறு மாதமாக வகுப்பு இல்லை. கூட வந்த கணவர்தான் இதையெல்லாம் சொன்னார். தமிழில் டைப் செய்தால் டேப்லெட் படித்துச் சொல்லுமாம், அதை வைத்து மறுபடி தொடங்கப் போகிறார். "எது ஒசத்தியோ அதைக் கொடுங்க" என்றார் கணவர். குடோன்காரர் கதைக்குப் பிறகு நான் அப்படி யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. இரண்டிலும் பேசுவது ஒரே ஆப், ஒரே குரல், விலை குறைந்ததே போதும் என்றேன். டீச்சர் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு டிவி ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

அவர் விலை குறைந்ததில் ஏதோ டைப் செய்து பட்டனை அழுத்தினார். பக்கத்தில் நின்ற எனக்குக்கூட அரைகுறையாகத்தான் கேட்டது. மற்றதிலும் அதையே டைப் செய்தார். "டேய் கடைசி வரிசை, அங்க என்ன சத்தம்?" என்று அது அதட்டியது. டிவி பிரிவில் வேலை பார்க்கும் பாஸ்கர் தூக்கிவாரிப் போட்டுக் கைகட்டி நின்றுவிட்டான். வாடிக்கையாளர்கள் மூன்று பேர் திரும்பினார்கள். டீச்சர் சிரித்தார், சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கணவர் சட்டென்று டிவி பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. விலை குறைந்ததோடு தனியாக ஒரு ஸ்பீக்கர் வாங்கினால் இதே சத்தம் வரும், செலவும் குறையும் என்று சொன்னேன். டீச்சர் நிதானமாக டைப் செய்தார். விலை கூடின டேப்லெட் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் சொன்னது: "அந்த ஸ்பீக்கரை நான் ஆன் பண்றதுக்குள்ள பசங்க தெருவுக்கே ஓடிருவாங்கம்மா."

ஆக, கூடுதல் விலைக்கு ஒரு பொருள் தகுமா தகாதா என்று கடைசிவரை சொல்லத் தெரியாமலேயே, அதைச் சொல்வதற்காக ஏழு வருஷம் சம்பளம் வாங்கிய ஆள் இந்த ஆவடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.