மீன் ஓடிய பலகை

எனக்கு மூக்குமேல் கோபம் வரும். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், எழுத்து ஓடும் விளக்குப் பலகை செய்கிற சின்னக் கம்பெனியில் நான் புரோகிராம் எழுதிய காலத்தில் அதில் பாதி, 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழிக்கே செலவானது.

வீராம்பட்டினத்திலிருந்து விழாக் கமிட்டித் தலைவர், ஒரு மீனவர், அம்மன் திருவிழாவுக்குப் பலகை கேட்டு வந்தார். துணி பேனரே போதும் என்ற ஊர்க்காரர்களோடு மல்லுக்கட்டி ஒப்புக்கொள்ள வைத்திருந்தாராம். "தமிழ்ல ஓடும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேம்மா. மானத்த காப்பாத்திடு" என்றார்.

அதுவரை எங்கள் பலகையில் தமிழ் ஓடியதில்லை. பிரெஞ்சுப் பெயர் வைத்த கடைகளுக்கும், எழுத்தின் தலைமேல் வரும் கோடுகளை விட்டுவிட்டு, வெறும் ஆங்கில எழுத்தில் ஓட்டிக் கொடுப்போம். கடைக்காரர்களும் போனால் போகிறது என்று விட்டுவிடுவார்கள். புதுச்சேரிக்கே உரிய பெருந்தன்மை அது.

தமிழ் எழுத்து வடிவங்களைப் புதிதாகச் சேர்த்தேன். கம்ப்யூட்டர் திரையில் தமிழ் அழகாக வந்தது. விளக்குகள் எரிகின்றனவா என்று வழக்கம்போல ஆங்கிலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பலகையை வண்டியில் ஏற்றினோம்.

மறுநாள் கொடியேற்றம். கோயில் வாசலில் பலகையைக் கட்டி, சுவிட்சைப் போட்டேன். ஊர்ப் பெயர் ஓட வேண்டிய இடத்தில் ஒரு மீன் ஓடியது. பின்னால் குத்துவிளக்கு. அப்புறம் இன்னொரு மீன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இன்னா தலைவரே, வலை எடுத்தாரட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

தலைவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. "இன்னைக்கு மட்டும் இங்கிலீஷ்ல ஓட்டட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இங்கிலீஷ்ல ஓடுனா எனக்கே படிக்க வராதேம்மா" என்றார்.

லேப்டாப்பைத் திறந்து, கேபிளை மாட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரே எழுத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரே படம்தான் வந்தது. அப்படியானால் பலகை உளறவில்லை, தப்பான இடத்திலிருந்து சரியாகத்தான் எடுக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான் எழுத்தின் வடிவத்தை நினைவகத்தில் தேடி எடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்குச் சின்ன எண்கள், தமிழுக்குப் பெரிய எண்கள். அந்த எண்களைப் படிக்க நான் எழுதியிருந்த 'கேரக்டர் பாயிண்டரோ' பெரிய எண்ணையெல்லாம் மைனஸ் என்று படித்துக்கொண்டிருந்தது. எழுத்து வடிவங்களைத் தேடி முன்னே போவதற்குப் பதிலாகப் பின்னே போய், அங்கே அலங்காரத்துக்காக நாங்கள் வைத்திருந்த மீனையும் குத்துவிளக்கையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது! பாயிண்டரை வாய்விட்டே திட்டினேன். கோயில் வாசல் என்பது பிறகுதான் உறைத்தது.

மைனஸே கிடையாது என்று சொல்லும் 'அன்சைன்டு' என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து, புரோகிராமைத் திரும்ப ஏற்றினேன். பலகை ஒருமுறை இருண்டு, எரிந்தது. சிவப்பு விளக்குகளில் 'வீராம்பட்டினம்' வலமிருந்து நகர்ந்து வந்தது.

தலைவர் அண்ணாந்து, ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தார். பாதிப் பெயர் படிப்பதற்குள் முன்னெழுத்துகள் இடது ஓரத்தில் மறைந்துவிட்டன.

"ஓட உடாதம்மா," என்றார். "கொஞ்ச நேரம் அப்டியே நிக்கட்டும்."

நிறுத்தினேன்.