பெயர் வெட்டிய பாத்திரம்

மழை பிடித்தால் அடையாறில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் வாசலில் வாட்ச்மேன் பழைய சாக்குகளை விரித்துப் போடுவார். நேற்றும் போட்டிருந்தார். நனைந்த சாக்கின் வாசனை மற்றவர்களுக்கு வெறும் ஈர வாசனை. எனக்கு அது ஒரு பழைய மார்கழியின் வாசனை. மேல்வீட்டுக்காரர் போனைப் பார்த்தபடி, "டெல்டாவுல செம மழையாம் சார். விவசாயத்துக்கு நல்லதுதானே" என்றார். தை பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போது அங்கே கொட்டுகிற மழை யாருக்கு நல்லது என்று அவரிடம் எப்படிச் சொல்ல? லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறிவிட்டேன்.

எனக்கு மட்டும் இருபத்தொரு வயதில் என்ன தெரிந்திருந்தது? மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, பி.ஏ. பொருளாதாரம் படித்தவன். வட்டார வளர்ச்சிக்கு வேளாண்மையே அடிப்படை என்று பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதிவிட்டு, நெல்வயலை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்காமல் தேறியவன். அந்தப் பட்டத்தோடு தி. நகரில் ஒரு பாத்திரக்கடையில் தற்காலிக விற்பனையாளனாகச் சேர்ந்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் காலையில் பேப்பர் வந்ததும் அவர் தேடுவது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை. தண்ணீர் ஏறியிருந்தால் கும்பகோணத்துக்குக் குத்துவிளக்கு ஆர்டர் போகும், எங்களுக்கு டீயோடு வடையும் வரும்.

"ஏலே பட்டதாரி, அங்க நெல்லு வெளஞ்சாத்தான் இங்க ஒனக்குச் சம்பளம்" என்பார். சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். முதல் தை மாதத்திலேயே கண்ணால் பார்த்துவிட்டேன். அறுவடை முடித்த குடும்பங்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கின. பட்டுக்கடை, நகைக்கடை, அப்புறம் நாங்கள். எங்களை நம்பி டீக்கடைக்காரர், சரக்கேற்றும் மீன்பாடி வண்டிக்காரர், மூட்டை தூக்குகிறவர்கள். என் மூன்று பக்க விடை அந்த ஒரு தெருவில் வியர்த்து விறுவிறுத்து ஓடிக்கொண்டிருந்தது.

கடைவாசலில் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தர ஒருவர் இருந்தார், சிந்தாதிரிப்பேட்டை மணி அண்ணன். பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கடை திரும்ப எடுக்காது. அதனால், வாங்க வந்தவரை எப்படியாவது அன்றே பெயர் வெட்ட வைப்பது எங்கள் சாமர்த்தியம். அதில் நான் கெட்டிக்காரன்.

அடுத்த ஐப்பசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் தனியாக வந்தார். கையில் குறுவை நெல் விற்ற பணம். மகள் தேன்மொழிக்கு மாசியில் கல்யாணம். நகையும் புடவையும் சம்பா அறுத்த பிறகு, முதலில் பாத்திரம். அண்டா, தவலை, குடம், விளக்கு எல்லாம் எடுத்தவர் பெயர் வெட்டுவதற்கு மட்டும் தயங்கினார்.

"அறுப்பு முடியட்டும் தம்பி. அப்பறமா வந்து வெட்டிக்கிறனே."

"தை மாசம் வந்தா ரெண்டு நாள் காத்திருக்கணுங்க. நல்ல காரியம், இப்பவே வெட்டிடுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே சரி என்றார். மணி அண்ணன் வெட்டி முடித்த ஒவ்வொரு பாத்திரத்திலும் மகள் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

மார்கழிக் கடைசியில் அந்தப் பாத்திரங்களை இரண்டு நனைந்த சாக்குகளில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். முற்றிய சம்பா ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்து கதிரிலேயே முளைத்துவிட்டதாம். "ஈரம் காயறதுக்குள்ள உளுந்தாவது தெளிக்கணும். வெதை வாங்கக் கையில ஒண்ணும் இல்ல. ஒரு நாள்கூடப் புழங்கல தம்பி, எடுத்துக்கங்க." உளுந்து கைகொடுத்தால் வைகாசியில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில் அதுவரைதான் பொறுப்பார்களாம்.

அண்ணாச்சி ஒரு குடத்தைத் திருப்பிப் பார்த்தார். "பேரு இருக்கே. இல்லேன்னா எடுத்திருப்பேன். இப்ப பழைய பித்தளை வெலைதான் போட முடியும்."

தேன்மொழியின் அப்பா வாசலுக்குப் போய் மணி அண்ணனிடம் குனிந்தார். "எம் பொண்ணு பேர அழிச்சுத் தர முடியுமாய்யா?"

"ஆழமா கீது நைனா. தேச்சா ஓட்டையாப் பூடும்" என்ற மணி அண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

பெயர் அப்புறம் வெட்டிக்கொள்கிறேன் என்றுதான் அவர் சொன்னார், நான்தான் வற்புறுத்தினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணாச்சி இறங்கி வந்திருப்பார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். ஆனால் தையில் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார். வாயைத் திறக்கவில்லை நான். அந்த மனிதரும் என்னைக் கைகாட்டவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அந்த விலைக்கே அவர் சம்மதித்தார். பழைய பித்தளையை நசுக்கித்தான் மூட்டை கட்டுவோம். அண்ணாச்சி சுத்தியலை என்னிடம் நீட்டினார். முதல் குடத்தைச் சாய்த்தபோது அந்த மனிதர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் தெருமுனை தாண்டிக்கிறேன் தம்பி. அப்பறம் அடிங்க."

அவர் தாண்டும்வரை நின்றேன். பிறகு அடித்தேன்.

அந்தத் தையில் தெரு காற்று வாங்கியது. மாசி பிறக்குமுன் என்னையும் சேர்த்துத் தற்காலிக ஆட்கள் நான்கு பேரையும் அண்ணாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "அங்க ஒண்ணுமே இல்லலே, நான் என்ன செய்ய?" என்றபோது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. எந்த வேலைக்காக வாயை மூடிக்கொண்டேனோ, அதுவும் அதே தண்ணீரில் போயிற்று.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். மணி அண்ணன் எங்கே என்று தெரியாது. வைகாசியில் தேன்மொழிக்குக் கல்யாணம் நடந்ததா என்று போய் விசாரிக்கவும் வழியில்லை. பில்லில் ஊரும் விலாசமும் எழுதுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவரிடம் நான் கேட்டு எழுதிக்கொண்டது ஒரே ஒரு பெயர். அதையும் என் கையாலேயே நசுக்கினேன்.