ருமைசா வெட்டாத வரி

லெப்பைக்குடிக்காட்டில் நிக்காஹ் என்றால் பெண்கள் பகுதிக்கு ருமைசாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆண் கேமராமேன்கள் உள்ளே வரமுடியாததால் அங்கே பல பெண்களிடம் தங்கள் கல்யாணப் படமே கிடையாது. ருமைசாவிடமும் இல்லை. அந்த எரிச்சலில்தான் பெரம்பலூர் ஸ்டுடியோ ஒன்றில் போய்த் தொழில் கற்றுக்கொண்டாள். குவைத்திலிருந்த அண்ணன் நசீர் கேமரா வாங்கி அனுப்பினான்.

நசீர் அனுப்பிய பணத்தில் ஊரில் ஒரு வீடும் எழும்பியது. நின்று கட்டியவள் அவன் மனைவி அஸ்ரின். நேரம் கிடைத்தபோதெல்லாம் ருமைசா அங்கே போய்ப் படம் எடுத்தாள். கொத்தனார் பஞ்சநாதனிடம் வாதாடிக் கோணலான படிக்கட்டை அஸ்ரின் இடித்துக் கட்டவைத்தது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவருக்குத் தண்ணீர் அடித்தது, மழை மிரட்டியும் ஆட்களைக் கலையவிடாமல் தளம் போட்டு முடித்தது எல்லாம் பதிவாயின.

குடிபோன அன்று வந்தவர்கள் அத்தனை பேரும், "நசீர் நல்லா கட்டிட்டான்" என்றார்கள். எல்லோரும் போனபிறகு அஸ்ரின் கேமராவைப் பார்த்து, "இது நான் கட்டுன வூடு" என்றாள். ருமைசா குறும்படத்தை அந்த வரியில் முடித்தாள்.

சென்னையில் நடக்கவிருந்த சர்வதேசப் பெண்கள் திரைப்பட விழாவுக்குப் படம் தேர்வானது. சந்தோஷத்தில் அண்ணனுக்கும் அனுப்பிவைத்தாள். அன்றே அவன் கூப்பிட்டான்.

"படம் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் வெட்டிடு. நான் இங்க வெயில்ல வேகுறது சும்மாவா?"

"மதினி சொன்னா வெட்டுறேண்ணே. நீங்க சொல்லி வெட்ட மாட்டேன்."

"நான் வாங்கிக் குடுத்த கேமரா அது."

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. ஆனாலும் வாக்கை மாற்றவில்லை. மறுநாள் காலையில் அஸ்ரினிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

அஸ்ரின் தானே கணவனுக்குப் போன் போட்டாள். "நீங்க சம்பாரிச்சு அனுப்புனத நான் இல்லேன்னு சொல்லல. கட்டுனது நான். ரெண்டும் நெசம்தானே? படம் போகட்டும். நானும் கூடப் போறேன்."

"புள்ளய யாருகிட்ட வுட்டுட்டுப் போவே?" என்றான் நசீர்.

"கூட்டிட்டுத்தான் போறேன்."

விழாவில் காலை முதல் காட்சியாகப் போட்டார்கள். பாதி நாற்காலிகள் காலி. பெரிய திரையில் ருமைசாவுக்குத் தன் குறைகள்தான் தெரிந்தன. தளம் போடும் இடத்தில் கலவை மெஷின் இரைச்சல் அஸ்ரினின் குரலை விழுங்கிவிட்டிருந்தது. ஆனால் கடைசி வரி தெளிவாக ஒலித்தது. விளக்கு போடும் முன்பே கைதட்டத் தொடங்கினார்கள்.

ருமைசாவை மேடைக்கு அழைத்து, அது அவள் அண்ணன் வீடு என்று சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: "உங்க அண்ணன் பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

"கடைசி வரிய வெட்டச் சொன்னாங்க. வெட்டல. மதினி இங்கதான் இருக்காங்க" என்றாள் ருமைசா.

எல்லோரும் அஸ்ரினைத் தேடித் திரும்பினார்கள். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டபடி அவள் எழுந்தாள். "மேல இன்னொரு மாடி எடுக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. நோன்பு மாதம் முழுவதும் நசீர் தங்கையிடம் பேசவில்லை. பெருநாளன்று கூப்பிட்டு சலாம் சொன்னான்.

"இங்க ரூம்ல கூட இருக்குற எல்லாருக்கும் உன் படத்தப் போட்டேன்."

"கடைசிப் பேச்சோடயா?"

"முழுசாத்தான். பாத்துட்டு ஒவ்வொருத்தனா எந்திரிச்சுப் போயி வூட்டுக்குப் போன் போட்டானுவ."

"நீங்க?" என்றாள் ருமைசா.

"மொதல்ல உன் மதினிகிட்டதான் பேசுனேன்."

இப்போது ருமைசா வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் படமெடுக்க அலைகிறாள். முந்திரிக் கொட்டகைக்காரர் ஒருவர் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த கொட்டகையில் சிந்தாமணி என்கிற பெண், "என்னய எடு, வா" என்றிருக்கிறாள்.