பறிக்காத காயைக் கேட்டு வந்த டீச்சர்

செய்தியை என்னிடம் கொண்டுவந்தவர் அஞ்சலை. பல வருடங்களாக எங்கள் நிலத்தில் கூலிக்கு வருபவர். காலையில் மோட்டார் கொட்டகைக்கு வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“சத்துணவு டீச்சர் போயிட்டாங்களாம் ஐயா. நெஞ்சுவலியாம். நாங்க எட்டு பேரு கடலூர் போறோம், வேன் சொல்லியாச்சு. இன்னிக்கு வேலைக்கு வரல.”

லீவு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வரவில்லை என்று மட்டும் சொன்னார். நானும் அந்த வேனிலேயே ஏறிக்கொண்டேன்.

ஸ்டெல்லா மேரியோடு பழகிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கடலூரில் ஒரு பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். பாடம் நடத்தியவர் அல்ல என்றாலும் கடலோரத் தேவனாம்பட்டினம் முழுக்க அவர் ‘டீச்சர்’தான். எனக்கும் அப்படியே. நான் புவனகிரிப் பக்கம் காய்கறி வைப்பவன். எங்கள் நிலத்தில் அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சுனாமி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்தப் பருவத்தில் கத்தரிக்காய்க்கு விலையே இல்லை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டிருந்தேன். கீரப்பாளையத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், எங்கள் நிறுத்தத்தில் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

“அண்ணே, இவ்ளோ காயும் பறிக்காம கெடக்குதே, ஏன்?”

“வெல இல்லம்மா. நாளைக்கு ஆட்ட உட்டுடப் போறேன்.”

“ரெண்டு நாள் பொறுப்பீங்களா? எங்க பக்கம் போட்டெல்லாம் ஒடஞ்சு எல்லாரும் கரையில ஒக்காந்திருக்காங்க. நிவாரண அரிசி வருது. அதுக்கு ஊத்திக்கக் கொழம்பு இல்ல. நாங்களே வந்து பறிச்சிக்கிறோம்.”

சரி என்றேன். வருவார் என்று நம்பவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஒன்பது பெண்களோடு வந்து இறங்கினார். எல்லோரும் மீன் விற்றவர்கள். கத்தரிக்காய்க் காம்பின் முள் குத்தக் குத்த, “மீனு முள்ளே பரவால்ல டீச்சர்” என்று ஒருத்தி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அலைக்குப் பிறகு அந்தப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்ததாகப் பின்னால் ஒருநாள் டீச்சர் சொன்னார்.

சொத்தைக் காயை மூட்டையில் போட அவர் விடமாட்டார். “நம்ம காசு குடுத்தா இத வாங்குவமா? வாங்க மாட்டோம்ல. அப்ப அவுங்களுக்கும் வேணாம்” என்பார்.

மூன்றாவது முறை அவர்கள் வந்தபோதுதான் அந்தத் தகராறு நடந்தது. மூட்டை பாதி நிறைந்திருக்கும்போது அஞ்சலையும் நான்கு பெண்களும் வந்து நின்றார்கள்.

“ஐயா, கடைசிப் பறிப்பு முடிஞ்சா மிச்சக் காயி எங்களுக்குத்தான்னு இருந்துச்சு. இப்ப யாரோ வந்து மூட்ட கட்டுறாங்க. எங்க வூட்ல நாங்க என்னாத்தக் கொழம்பு வெக்கிறது?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்காய நான் யாருக்கு வேணா குடுப்பேன். உன்னக் கேட்டுக் குடுக்கணுமா?” என்றேன்.

டீச்சர் என்னைக் கையமர்த்தினார். “எப்பலேர்ந்து எடுக்கிறீங்க?” என்று அஞ்சலையைக் கேட்டார்.

“எங்க மாமியா காலத்துலேர்ந்து.”

எங்கள் அப்பா காலத்திலிருந்து என்று பொருள். நான் பிறந்து வளர்ந்த நிலம். மிச்சக் காய் யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வீணாய்ப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

டீச்சர் எல்லா மூட்டைகளையும் தரையில் கொட்டச் சொன்னார். “மொதல்ல நீங்க எடுத்துக்கங்க அஞ்சல. கேக்காம செஞ்சிட்டேன். தப்பு என்னுதுதான்.”

கூட வந்த பெண் ஒருத்தி, “அவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தது சும்மாவா?” என்று முணுமுணுத்தாள். டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “இன்னொருத்தி ஒலையிலேர்ந்து எடுத்து நம்ம ஒலையில போட்டா, பசி எப்பிடிடி கொறையும்?”

அன்று அவர்கள் பாதி மூட்டைகளோடுதான் திரும்பினார்கள். ஆனால் டீச்சர் உடனே பஸ் ஏறவில்லை. அஞ்சலையின் தெருவுக்குப் போகவேண்டும் என்றார். நானும் போனேன். அதற்கு முன் நான் கால் வைக்காத தெரு அது. வீடு வீடாக உட்கார்ந்து, எத்தனை பேர், எந்த மாதம் வேலை இருக்காது, எப்போது அடுப்பு எரியாது என்று கேட்டார். தன் சங்கடங்களைக் காதுகொடுத்துக் கேட்டவர் டீச்சர் மட்டும்தான் என்று அஞ்சலை பிறகு என்னிடம் சொன்னார்.

அதன்பின் எந்த நிலமானாலும் முதல் எடுப்பு அங்கே வேலை செய்கிறவர்களுக்கு. மீதிதான் கரைக்கு. எங்கே காய் பறிக்காமல் கிடக்கிறது என்பது கூலிக்குப் போகிறவர்களுக்குத்தானே முதலில் தெரியும்? அஞ்சலையே டீச்சருக்குப் போன் போட ஆரம்பித்தார். கீரப்பாளையத்தில் புடலை, ஆற்றோரத்தில் பூசணி என்று வருடாவருடம் அது வளர்ந்தது. சிதம்பரம் மார்க்கெட்டில் மீனை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியில் மூட்டைகள் போயின. காயில் மீன் வாடை அடிக்குமே என்றேன் ஒருமுறை. “கழுவுனா வாட போயிடும் அண்ணே. பசி போவுமா?” என்றார்.

போன வருடக் கடைசியில் புயல் அடித்தபோது எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பந்தலோடு புடலை தரையில் கிடந்தது. வீட்டு ஓடு பறந்துவிட்டது. நாலாம் நாள் டீச்சரும் கரைப் பெண்கள் இரண்டு பேரும் அரிசியும் கருவாடும் கொண்டுவந்தார்கள். அவர்கள் கரையிலும் அதே புயல்தான் அடித்திருந்தது.

எனக்கு உடம்பு கூசியது. “இதெல்லாம் எதுக்கு டீச்சர்? இல்லாதவங்களுக்குக் குடுங்க. நாங்க சமாளிச்சிக்குவோம்” என்றேன். உள்ளே அரிசிப் பானை காலி என்பது என் மனைவிக்குத்தான் தெரியும்.

டீச்சர் பையைக் கீழே வைக்கவில்லை. ஏழு வருடப் பழக்கத்தில் அன்று ஒருநாள்தான் என்னிடம் குரல் உயர்த்தினார்.

“வாங்கிக்கிறது எங்களுக்கு மட்டும் ஈசின்னு நெனச்சிட்டிருந்தீங்களா அண்ணே?”

கரைப் பெண்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவிதான் வந்து பையை வாங்கினாள். அங்கேயே உலை வைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். டீச்சர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். நான் கூச்சப்படாமல் சாப்பிட வேண்டும் என்றுதான் கேட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அவர் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கரைப் பெண்களும் எங்கள் பக்கத்துப் பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் எந்த ஊர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, புயலுக்குப் பிறகு கேட்ட அந்த ஒரு கேள்வி. ஏழு வருடமாகக் கொடுக்கிறவன் என்ற நினைப்பில் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது பெண்கள் சாக்கோடு வரும் நாட்களில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் அவர்களோடு இறங்கிப் பறிக்கிறேன். கத்தரி முள் என் கையிலும் குத்துகிறது.