மறந்த வரியை வாசிக்காதவள்

ஒத்திகை அறைக்குள் கால் வைத்ததுமே வயலின்காரிக்குத் தெரிந்துவிட்டது, இன்று பாட்டு இல்லை, வேட்டுதான் என்று. அவள் தொடர்கதை வெளிவரும் வார இதழ் அண்ணன் கையில் கசங்கிக் கிடந்தது. குழுவின் பாடகன் அவன்.

"வாங்க எழுத்தாளரம்மா! மேடையில வரி மறந்துட்டு முழிக்கிறானே ஒரு பாடகன், யாருடி அவன்?"

"அது கதைண்ணா."

"என்னை மாதிரியே தொப்பை வச்சிருக்கானாமே!"

"அப்ப நீங்கதான்" என்றான் டமாரம் என்று பட்டப்பெயர் வாங்கிய டிரம்ஸ்காரன்.

"நீ வாய மூடுடா!"

அண்ணன் வரி மறப்பது குழுவுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. அவன் தொண்டை நின்ற இடத்தில் அவள் வில் ஓடும். விட்டுப்போன வரி வயலினில் வந்து நிற்கும். கூட்டம் அதுவும் பாட்டின் அழகு என்று நினைத்துக் கைதட்டும். தட்டல் அவனுக்கு. இப்படியே அவள் இளமை கரைந்தது. தனக்கென்று ஒரு குரல் கேட்டு மனம் அடித்துக்கொண்டபோதுதான் பேனாவை எடுத்தாள்.

"கதைய நிறுத்து. இல்ல, இன்னையோட வயலினை நிறுத்து. ரெண்டுல ஒண்ணு!"

அவள் வயலினை எடுத்துச் சுருதி சேர்த்தாள்.

அன்று மாலை அரங்கில் அவனுக்கு வரி மறந்தது. பழகிய கை சும்மா இருக்குமா? வாசித்து நிரப்பினாள். கைதட்டல் அடங்கியதும் அவன் மைக்கைப் பிடித்தான்.

"என் தங்கச்சி இப்ப கதை எழுதுறா. அதான் கவனம் இல்லாம என் பாட்டுக்குள்ள பூந்துட்டா. மன்னிச்சிடுங்க!"

அரங்கமே சிரித்தது.

அடுத்த பாட்டிலும் மறந்தான். திரும்பிப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து அவள் பார்த்து வளர்ந்த அந்தக் கண்கள் கெஞ்சின. அவள் வில்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் அவன் பாய்ந்து வந்தான். "மானத்தை வாங்கிட்டியேடி பாவி! அந்த வயலினே நான் வாங்கிக் கொடுத்ததுடி!"

பெட்டியை அவன் காலடியில் வைத்தாள். "நீயே வச்சுக்கோ. கதைய எனக்கு யாரும் வாங்கிக் கொடுக்கல."

அவன் அதை உதைத்தான். பெட்டிக்குள் தந்திகள் முனகின.

தெருவில் அழுதுகொண்டே நடந்தாள். அந்தக் கண்களை நினைத்தால் நெஞ்சைப் பிசைந்தது. ஆனாலும் அடுத்த அத்தியாயம் அந்தக் கண்களில்தான் தொடங்கும் என்று பஸ் வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.