தமயந்தி வைத்த பரீட்சை

லூர்துசாமிக்கு முப்பது வருடமாக ஓர் ஆத்திரம் ஆறவில்லை. பந்தாட்டத்தில் அவர் பறந்து திரிந்த காலத்தில், கோச் என்று சொல்லிக்கொண்ட ஒருத்தன் அவர் தோளில் இன்னோர் ஆளை ஏற்றிப் படிக்கட்டில் ஓடவிட்டான். வலது முட்டி பிசகிக்கொண்டது. "நடிக்காத, எந்திரி" என்றான். அன்றோடு ஆட்டம் முடிந்தது. ஜீப் ஓட்டப் போனார். உன்னை யாருடா கோச் ஆக்கியது என்று அந்த ஆளை ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவள் தமயந்தி. அந்த ஒருத்தனை அல்ல, மலையில் கோச் என்று திரிந்த எல்லாரையும்.

வில்பட்டியில் காரட் போடுகிறவர் மகள். உடற்பயிற்சிப் படிப்பை முறையாக முடித்துவிட்டு வந்து, கொடைக்கானலில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு உடம்பைத் தேற்றும் பயிற்சி கொடுத்தாள். போகவர லூர்துசாமியின் ஜீப்தான். முட்டிக் கதையை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அப்போது மலையில் கோச் ஆவது ரொம்பச் சுலபம். பயிற்சியாளர் சங்கம் ஒருநாள் முகாம் நடத்தும். காலையில் டீ-ஷர்ட், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சர்டிபிகேட். சங்கத்துக்குச் செயலாளர் ஆனதும் தமயந்தி அதில் கை வைத்தாள். ஒரு வருடம் படிக்க வேண்டும், முதலுதவி தெரிய வேண்டும், வெளியாள் வந்து வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். அப்புறம்தான் சர்டிபிகேட்.

ஜிம் வைத்திருக்கும் சுப்புராஜ் கூட்டத்தில் எழுந்து சட்டைக்கையைச் சுருட்டினார். "இந்தக் கையைவிட வேற சர்டிபிகேட் வேணுமாக்கும்?"

"கை அம்சமாத்தான் இருக்குண்ணே. உங்ககிட்ட வர்ற புள்ளைக முதுகுதான் பிடிச்சுக்கெடக்கு."

கூட்டம் சிரித்தது. சிரித்தாலும் எதிர்ப்பை விடவில்லை. முதல் பரீட்சையில் ஒருத்தர்கூடத் தேறாவிட்டால் பழைய முகாமே தொடரும் என்று முடிவானது. சுப்புராஜும் வீம்புக்குப் படிக்க வந்தார்.

வருடம் முடிந்ததும் பரீட்சை வைக்க மதுரையிலிருந்து ஓர் அம்மா வந்தார். பயிற்சிக்கு வந்த ஆளைப் போல லூர்துசாமியை உட்காரவைத்தார்கள்.

"கேட்டாச் சொல்லுங்கண்ணே. கேக்கலைன்னா வாயத் தொறக்காதீங்க" என்றாள் தமயந்தி.

ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வந்ததும் வராததுமாக எடைக்கம்பியைத் தூக்கி அவர் தோளில் வைக்கப் பார்த்தார்கள். மதுரை அம்மா "போதும்" என்று கையைக் காட்டி அனுப்பினார்.

வெளியே சங்கத் தலைவர் நல்லசாமிக்கு வேர்த்துவிட்டது. "மார்க்கக் கொஞ்சம் எறக்கச் சொல்லு தாயி. ஒருத்தனும் தேறலைன்னா நீ பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்ல?"

"போனாப் போவுது. எறக்கித் தேறவைக்கிறதுக்கு அந்தப் பிரியாணியே தேவலைங்க."

கடைசியாகச் சுப்புராஜ். கை கம்பிப் பக்கம் போனது. பாதியில் நின்றது. லூர்துசாமிக்கு எதிரே தரையில் குத்தவைத்தார். "அண்ணே, இதுக்கு முன்னால எங்கயாச்சும் அடிகிடி பட்டிருக்கா?"

லூர்துசாமி கால்சட்டையைச் சுருட்டி முட்டியைக் காட்டினார். சுப்புராஜ் கம்பியை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பித்தார். முட்டி உள்பக்கம் சரியாமல் கூடவே பார்த்துக்கொண்டார்.

"தேறிட்டீங்க" என்றார் அந்த அம்மா.

வாசலில் ஒரே கூச்சல். தோற்றவர்களே சுப்புராஜைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மறுபடி எழுதித் தேறிக் காட்டுகிறோம் என்று அப்போதே பேர் கொடுத்தார்கள். தமயந்தி சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள், சிரித்தாள். இப்போது பழனியிலிருந்தும் ஆட்கள் இந்தப் பரீட்சைக்கு மலையேறி வருகிறார்கள்.

போன வாரம் ஜீப்பை விட்டு இறங்கும்போது சொன்னாள்:

"அண்ணே, உங்க முட்டி ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனி அது பரீட்சைக்கு ஆகாது. பாத்தா வெளியில தெரியாத சீக்கு உள்ள ஆளு பெருமாள்மலைப் பக்கம் யாராச்சும் இருந்தா வெரசாக் கூட்டியாங்க."